கராஜில் ஒரு ரைஃபிள்

மகளுக்கு வாலிபால் முட்டிக் கவசம் வாங்கத்தான் அந்தச் சனிக்கிழமை விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். ஹூஸ்டன் பக்கம் பேர்லேண்டில் எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். மகளும் நானும் சைஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது கணவரைக் காணவில்லை. கடையின் பின்பக்கம் போய்ப் பார்த்தால், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று கொண்டிருந்தார். கையில் ஒரு துப்பாக்கி.

கடையில் இருந்த ரைஃபிள்களிலேயே விலை குறைந்தது அதுதான் என்று கவுண்டரில் இருந்த தாடிக்காரர் சொன்னார். ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்து, மறுபடி முன்னுக்குத் தள்ள வேண்டும். அந்தக் கைப்பிடி உள்ள இரும்புத் துண்டுக்கு போல்ட் என்று பெயர். தோளில் வைக்கும் கட்டை கறுப்பு பிளாஸ்டிக். பார்க்க வீட்டு வேக்குவம் கிளீனரின் ஒரு பாகம் மாதிரி இருந்தது.

“டீர் சீசனுக்கா?” என்று தாடிக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஆமா” என்றார் கணவர். பதினான்கு வருடக் குடித்தனத்தில் மான் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

நான் சிரித்தேன். அது நினைவிருக்கிறது. மிக்ஸி வாங்குவதென்றால்கூட ஒரு மாதம் ரெவ்யூ படிக்கிற மனிதர். கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ கிரீன் கார்டையும் லைசென்ஸையும் எடுத்துக் கவுண்டரில் வைத்தார். ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். அவர் தோளுக்கு மேலாக நான் எட்டிப் பார்த்தேன். குற்ற வழக்கு உண்டா, போதைப் பழக்கம் உண்டா, மனநோய்க்காகக் கட்டாயச் சிகிச்சையில் வைக்கப்பட்டதுண்டா. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் செய்துகொண்டே போனார். எல்லாம் உண்மையான பதில்கள்தான். நான் ஹூஸ்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த ஃபாரத்தில் கேட்காமல் விட்ட கேள்விகள் எனக்குத் தெரியும்.

அரை மணி நேரத்தில் ஒப்புதல் வந்துவிட்டது. முட்டிக் கவசம் வாங்கத்தான் நேரம் அதிகம் பிடித்தது.

“அப்பா, ஆர் யூ சீரியஸ்?” என்றாள் மகள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. நீளமான அட்டைப் பெட்டி காரின் பின்பக்கம் ஏறியதும், “திஸ் இஸ் ஸோ டெக்சஸ்” என்று சொல்லிவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

இதற்கு இரண்டு மாதம் முன்பு, ஆகஸ்டில், அவருக்கு வேலை போயிருந்தது. எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்கு சாஃப்ட்வேர் எழுதும் கம்பெனி. பதினொரு வருடம் அங்கே இருந்தார். ஒரு காலை பதினைந்து நிமிட மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். மீட்டிங் முடிவதற்குள் லேப்டாப் பூட்டிக்கொண்டது. மேசையில் இருந்த எங்கள் குடும்ப போட்டோவை ஒரு வாரம் கழித்துப் பார்சலில் அனுப்பினார்கள். பாளையங்கோட்டையில் இருக்கும் என் மாமியாரிடம் இதைச் சொல்லக் கூடாது என்று அன்றே சொல்லிவிட்டார். எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையிலும் யாருக்கும் தெரியாது. ஞாயிறு தோறும் போனில் அம்மாவிடம், “ஆபீஸ்ல சரியான வேலம்மா” என்பார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டுவேன்.

அதே நாளில் வேலை போன இன்னொருவர், ஒன்பது வருடம் என் கணவருக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர். அறுபது தாண்டிய டெக்சஸ்காரர். பக்கத்து ஊர் ஆல்வினில் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு மனைவியோடு இருக்கிறார். செப்டம்பரில் அவர்தான் என் கணவரைத் துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு ஒரு முறை கூட்டிப் போனார். அன்று திரும்பி வந்த கணவர் ராத்திரி சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டார். எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது. அதனால்தான் கடையில் நான் சிரித்துக்கொண்டு நின்றேனோ என்னவோ.

துப்பாக்கியைக் கராஜில் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி அவருடைய கீசெயினில். தோட்டாக்கள் வேறொரு பெட்டியில், வேறொரு பூட்டில். மகளை உட்காரவைத்து, இதை அவள் தொடவே கூடாது என்று அரை மணி நேரம் பேசினார். எல்லாவற்றிலும் கவனமான மனிதர். நர்ஸ் வேலையில் இத்தனை வருடம் இருந்ததால், கவனமான மனிதர்கள்தான் எனக்குப் பயம். குடித்துவிட்டுச் சண்டை போட்டு வருகிறவர்களை எங்களால் கண்டுபிடித்துவிட முடியும். எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு வருகிறவர்களைத்தான் முடியாது.

ரைஃபிளோடு முதல் முறை ரேஞ்சுக்குப் போய்விட்டு ஒரு காகிதத்தோடு வந்தார். வட்டம் போட்ட காகிதம். அதில் ஐந்து ஓட்டைகள், ஒன்று வடக்கே ஒன்று தெற்கே.

“பாரு, இது எம் மேல உள்ள தப்பு இல்ல” என்றார். “இந்தக் கட்ட பிளாஸ்டிக். அழுத்திப் பிடிச்சா வளையுது. வளைஞ்சு குழாய்ல போய் இடிக்குது. அதான் குண்டு கண்ட பக்கம் போகுது.”

“அப்பம் திருப்பிக் கொடுத்திர வேண்டியதான?”

“எதுக்கு? நல்ல துப்பாக்கிதான். விலை கொறச்சலா வித்ததால அங்கங்க கைய வச்சிருக்கான். நாம சரி பண்ணிக்கிடலாம்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. குழாயில் இடிக்கும் இடத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். மூன்று நாள் தேய்த்தார். கராஜ் முழுக்கக் கறுப்புத் தூள். பிறகு கட்டைக்குள் இருந்த பொந்துகளில் பசையை ஊற்றி இறுக வைத்தார். அடுத்த வாரம் ரேஞ்சுக்குப் போய் இன்னொரு காகிதம் கொண்டுவந்தார். ஓட்டைகள் கொஞ்சம் நெருங்கி வந்திருந்தன. இரண்டையும் கராஜ் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். அப்புறம் அந்தக் கட்டையே வேண்டாம் என்று, மரப் பலகைகளை ஒட்டிச் செய்த வேறொரு கட்டை தபாலில் வந்தது, அதையும் தேய்த்துப் பொருத்தினார். அப்புறம் குறி பார்க்கும் ஸ்கோப். அப்புறம் ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்கள். வீட்டில் பல்பு மாற்றுவதற்கே நான் மூன்று முறை சொல்ல வேண்டும். இப்போது ஒவ்வொரு திருகாணியையும் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அளந்து காட்டும் ஸ்க்ரூடிரைவர் வைத்திருந்தார்.

வேலைக்கும் அப்ளை பண்ணிக்கொண்டுதான் இருந்தார். காலையில் குளித்துச் சட்டை மாற்றி எட்டரைக்கு லேப்டாப் முன்னால் உட்காருவார். ஒரு கம்பெனி மூன்று ரவுண்டு வைத்தது. மூன்றாவது ரவுண்டில் கேள்வி கேட்ட பையன் கேமராவை ஆன் பண்ணவே இல்லையாம். ஒரு மணி நேரம் கறுப்புச் சதுரத்தைப் பார்த்துப் பேசினேன் என்றார். நவம்பர் தொடக்கத்தில், எனக்கு ஆஃப் இருந்த ஒரு நாள், காலை பத்து மணிக்கு அவர்களிடமிருந்து இரண்டு வரி இ-மெயில் வந்தது. படித்தார். லேப்டாப்பை மூடினார். கராஜுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குள்ளேயே தோட்டா இல்லாமல் பழகுவது என்று ஒன்று உண்டு. பொய்த் தோட்டா ஒன்றைப் போட்டு, சுவரில் ஒரு புள்ளியைக் குறி பார்த்து, ட்ரிகரை இழுக்க வேண்டும். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். என் யோகா பாயை விரித்து அதில் குப்புறப் படுத்துக்கொண்டு பண்ணுவார். சமையலறைக்கும் கராஜுக்கும் நடுவில் ஒரே சுவர். சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டு நான் நின்றேன். டிக். போல்ட்டை இழுக்கிற சத்தம், தள்ளுகிற சத்தம். டிக். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. நாற்பதில் நின்றுவிட்டது. அடுத்த சத்தம் வரவில்லை. பால் வடியும் கையோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

பாயில் ஒருக்களித்துப் படுத்து முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தார். “என்ன?” என்றார்.

“ஒண்ணுமில்ல. டீ வேணுமா?”

“இப்பதான குடிச்சேன்.”

“சும்மா கேட்டேன்.”

அந்த மாதம் முழுக்க நான் அவருக்கு டீ கொடுத்தேன். சத்தம் கேட்டாலும் டீ, கேட்காவிட்டாலும் டீ. ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை. வேலைக்குப் போகிற நாட்களில் மத்தியான இடைவேளையில் போன் பண்ணி, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பேன். அவர் எடுப்பதற்குள் நான்கு ரிங் போனால், அந்த நான்கு ரிங்குக்குள் என் உயிர் போய் வரும். எடுத்து, “ம், சாப்பிட்டேன்” என்பார். வைத்துவிடுவேன். கேட்க வேண்டியது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

யாரிடமாவது சொல்லலாமா என்று யோசித்தேன். அவருடைய அண்ணனுக்குச் சொன்னால் மாமியாருக்குப் போய்விடும். ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கிறவர்களிடம் சொன்னால் அவர்கள் ஒரு ஹெல்ப்லைன் நம்பரைக் கொடுப்பார்கள். அந்த நம்பரை நானே நூறு பேருக்குக் கொடுத்திருக்கிறேன். துப்பாக்கியை வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் அதைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் அவர் முகம் பழைய முகமாக இருந்தது. கையிலிருந்து அதைப் பிடுங்கினால் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நான் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது கராஜில் இருந்து கூப்பிட்டார். உற்சாகமாக இருந்தார். ட்ரிகருக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங்கை மாற்றியிருந்தார்.

“இங்க வா, இதப் பாரு. முன்னாடி ட்ரிகர இழுக்கதுக்கு எவ்வளவு பலம் வேணும் தெரியுமா? இழுக்கையில துப்பாக்கியே ஆடிப்போவும். இப்பம் பாரு.” போல்ட்டை இழுத்து உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குக் காட்டினார். பிறகு விரலை வைத்தார். டிக். “பாத்தியா? நெனச்சாலே போதும்.”

அவர் துப்பாக்கியைப் பற்றித்தான் சொன்னார். என் காதில் அது அப்படி விழவில்லை. “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

சுத்தம் பண்ணுவது எப்படி என்று முன்பு ஒரு நாள் எனக்குக் காட்டியிருந்தார். பக்கத்தில் ஒரு சின்னப் பித்தானை அழுத்தினால் போல்ட் முழுதாக வெளியே வந்துவிடும். “இது இல்லைன்னா இது வெறும் குழாய்” என்று சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை அவர் குளிக்கப் போனார். கீசெயின் வாசல் மேசையில் இருந்தது. நான் கராஜுக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். பித்தானைக் கண்டுபிடிக்கவே நேரமானது. போல்ட் கைக்கு வந்தது. ஒரு சாண் நீளம்தான். எதிர்பார்த்ததைவிடக் கனம். எண்ணெய் பூசியிருந்தது. சமையலறைத் துணியில் சுற்றி, என் சாப்பாட்டுப் பையில் லெமன் சாதத்துக்கு அடியில் வைத்தேன். அலமாரியைப் பூட்டினேன். சாவியை இருந்த மாதிரியே வைத்தேன்.

288 ஃப்ரீவேயில் அன்று வழக்கத்தைவிட நெரிசல். பக்கத்து சீட்டில் பை. ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் அதற்குள் போல்ட் சாப்பாட்டு டப்பாவில் இடித்தது. புருஷன் அறியாமல் அவன் பொருளைத் திருடிக்கொண்டு போகிறோம் என்று தோன்றியது. நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதி ஆஸ்பத்திரி பார்க்கிங் வரைதான். போல்ட்டைக் காருக்குள், ஸ்டெப்னி டயருக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். லிஃப்ட் வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். பிறகுதான் யோசனை வந்தது. அலமாரியைத் திறந்து, அது இல்லை என்று பார்த்தால் அவருக்கு என்ன தோன்றும்? மனைவி தன்னை என்னவென்று நினைக்கிறாள் என்று தெரிந்துவிடுமே. அதுவே ஒரு காரணமாகிவிட்டால்? மத்தியானம் சாதத்தைத் திறந்தேன். துப்பாக்கி எண்ணெய் வாசம். அப்படியே குப்பையில் கொட்டினேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இன்னும் அலமாரியைத் திறக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் அந்த ஆல்வின் நண்பரோடு ரேஞ்சுக்குப் போக வேண்டும். போகவில்லை. “மழை வரும்போல இருக்கு” என்றார். வெளியே சுள்ளென்று வெயில். ஹோஸ் பைப்பை எடுத்துக்கொண்டு போய் கறிவேப்பிலைத் தொட்டிக்கு வெகுநேரம் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். தொட்டி நிறைந்து வழிந்து காங்கிரீட்டில் ஓடியது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியும் என்று. ஜன்னலுக்கு உள்ளே நான் நின்றேன், வெளியே அவர். போய்ச் சொல்லிவிடு என்று மனம் சொன்னது. கால் வரவில்லை.

ஞாயிறு சபைக்குப் போனோம். ஓர் அமெரிக்கச் சபையின் கட்டடத்தை மத்தியானம் எங்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். ஜெபக் குறிப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று பாஸ்டர் கேட்டார். ஒரு ஆன்ட்டி தன் மகனின் விசாவுக்காகக் கேட்டார். இன்னொருவர் ஊரில் அப்பாவின் ஆபரேஷனுக்காக. நான் கையைத் தூக்கிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

“எனக்கு அடிக்கடி தலவலி வருது, அதுக்காக” என்றேன்.

என் தலைவலிக்காக நாற்பது பேர் ஜெபித்தார்கள். பக்கத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்.

திங்கட்கிழமை எனக்கு ஆஃப். மகள் ஸ்கூலுக்குப் போய்விட்டாள். ஹாலில் சோபா மேல் துவைத்த துணி மலை மாதிரிக் கிடந்தது. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தோம். தலையைத் தூக்காமலே கேட்டார்.

“போல்ட்டு உன்கிட்டதான இருக்கு?”

“ஆமா.”

“வெள்ளிக்கிழமையே பாத்தேன்.”

“கேக்கவே இல்லியே நீங்க.”

“கேட்டா நீ என்னத்துக்குன்னு சொல்லுவ. அதக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல.”

ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பயிற்சி உண்டு. சுற்றி வளைக்காதே, நேராகக் கேள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனையோ பேரிடம், பெயர்கூடச் சரியாகத் தெரியாதவர்களிடம், ஆங்கிலத்தில் அதைக் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுப் பதிலைக் கம்ப்யூட்டரில் தட்டியிருக்கிறேன். தமிழில் நான் அதை யாரிடமும் கேட்டதில்லை. ஆங்கிலத்தில் அது வேலையாக இருந்தது. தமிழில் சொல்ல வாயைத் திறந்தபோது, அந்தச் சொல்லே வீட்டுக்குள் வரக் கூடாத சொல்லாக இருந்தது. மகளின் பள்ளிக்கூடச் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“உங்களுக்குச் சாகணும்னு தோணுதா?”

அவர் கை நின்றது. 

“இப்பம் இல்ல” என்றார்.

“அப்பம் எப்பம்?”

“செப்டம்பர்ல. ஃப்ரீவேல போயிட்டு இருக்கையில ரெண்டு மூணு தடவ.” ஒரு சாக்ஸை எடுத்து, அதற்கு ஜோடி தேடுகிற மாதிரித் துணியைக் கிளறினார். “ஒண்ணும் பண்ணல. தோணுச்சு, அவ்வளவுதான். துப்பாக்கி வாங்கின பொறவு அது இல்ல. நெசமாத்தான் சொல்லுதேன்.”

“அத எப்பிடி நான் நம்புவேன்?”

“நம்பமாட்டதான். நானா இருந்தாலும் நம்பமாட்டேன்.”

எனக்கு அழுகை வந்தது. அவர் என்னைப் பார்க்காமல், துணியைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

“ரெஸ்யூம நாப்பது தடவ மாத்திட்டேன். ஒண்ணும் நடக்கல. எது சரி, எது தப்புன்னு சொல்லதுக்கு ஆளு இல்ல. இதுல ஒரு ஸ்க்ரூவ மாத்துனா, சனிக்கிழம ரேஞ்சுல அந்தப் பேப்பர்ல தெரியுது. நல்லா இருந்தா நல்லா இருக்கு, கெட்டுப்போனா கெட்டுப்போச்சுன்னு காட்டுது. எனக்கு அது ஒண்ணுதான் பதில் சொல்லுது. அத எடுத்திராத.”

“எடுக்கல. ஆனா இந்த வீட்ல அது இருக்க முடியாது. என்னால முடியல. நீங்க குளிக்கப் போனா நான் கதவுகிட்ட நிக்கேன். தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும். நிழல் தெரியும் கீழ.”

 துணி முழுவதையும் மடித்து முடித்தோம். பிறகு நான் ஆல்வின் நண்பருக்குப் போன் பண்ணினேன். என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. ரைஃபிளைக் கொஞ்ச நாள் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. வருகிறேன் என்றார். ஒரு மணி நேரத்தில் பிக்கப் டிரக் எங்கள் வாசலில் நின்றது.

கராஜில் நின்று துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தார். மரக்கட்டையைத் தடவி, என் கணவர் குழாய்ப் பக்கம் தேய்த்துவிட்டிருந்த இடத்தில் ஒரு காகிதத்தை நுழைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் பார்த்தார். எங்கும் இடிக்கவில்லை. நல்ல வேலை என்றார். நான் காரிலிருந்து போல்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன், சமையலறைத் துணியோடு. துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என் பெட்டியில் நிறைய இடம் இருக்கிறது” என்றார். “இப்படி என்னிடம் வருகிற முதல் துப்பாக்கியும் இல்லை இது.” அப்புறம் என் கணவரிடம், “சனிக்கிழமை ஏழு மணி. லேட்டாக வராதே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டிரக் தெரு முனை திரும்பும்வரை கணவர் வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். சுவரில் ஒட்டியிருந்த காகிதங்களை அவரும் கழற்றவில்லை, நானும் தொடவில்லை.

துப்பாக்கி வீட்டை விட்டுப் போனால் நன்றாகத் தூங்குவேன் என்று நினைத்திருந்தேன். தூக்கம் வரவில்லை. ஒரு வீட்டில் எத்தனை பொருட்கள் இருக்கின்றன என்று அதற்குப் பிறகுதான் பார்த்தேன். மருந்து அலமாரியைப் பூட்டினேன். கார்ச் சாவியை ஒளித்து வைக்கலாமா என்று நினைத்து, பேர்லேண்டில் கார் இல்லாமல் பால்கூட வாங்க முடியாது என்று விட்டுவிட்டேன். டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மூன்று வாரம் ஆனது. “எனக்கு என்ன, நல்லாத்தான இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே என்னோடு வந்தார். மாத்திரை கொடுத்தார்கள். முதல் மாத்திரை வயிற்றைப் புரட்டியது. மாற்றிக் கொடுத்தார்கள். அவர் மாத்திரை போடும்போது நான் பக்கத்தில் நிற்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். முழுக்கப் பழகவில்லை. பாத்திரம் கழுவுகிற சாக்கில் நிற்பேன்.

மான் சீசன் வந்து போனது. நண்பரோடு இரண்டு முறை போய்க் காட்டுக்குள் மறைந்திருக்கும் மரக்கூண்டில் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஒரு மானையும் சுடவில்லை. பார்த்தாராம். “தூரம்” என்றார். தூரம்தானா என்று நண்பரிடம் கேட்டேன். அவர் இன்னொரு வாய் காப்பி குடித்தார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நானும் ரேஞ்சுக்குப் போனேன். காதில் மாட்ட ஒன்று கொடுத்தார்கள். கணவர் பெஞ்சில் உட்கார்ந்து கட்டையைத் தோளில் வைத்தார். கன்னத்தை அதில் சாய்த்தார். நான் பக்கத்துப் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மூன்று முறை சுட்டார். ஒவ்வொரு முறையும் என் உடம்பு தூக்கிப் போட்டது. போய்க் காகிதத்தை எடுத்து வந்தார். மூன்று ஓட்டைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. மகளிடம் காட்ட வேண்டும் என்று போனில் படம் எடுத்தார். அவள் அதற்கு ஒரு தம்ஸ் அப் அனுப்பினாள்.

அவர் மறுபடி பெஞ்சுக்குப் போனபோது நண்பர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இளம் வயதில், எண்ணெய் விலை விழுந்து ஊரெல்லாம் வேலை போன காலத்தில், தன் மனைவியும் இப்படித்தான் செய்தாள் என்றார். “ஆனால் அவள் மொத்தமாகக் கொண்டுபோய் ஏரியில் போட்டுவிட்டாள். நல்ல துப்பாக்கி.” சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

“அப்புறம் எப்போது பயம் போனது என்று அவர்களிடம் கேட்டிருக்கிறீர்களா?” என்றேன்.

“கேட்டதில்லை” என்றார். பிறகு, “போயிருக்காது என்று நினைக்கிறேன்” என்றார்.

இப்போது அவருக்கு ஒரு கான்ட்ராக்ட் வேலை கிடைத்திருக்கிறது. பாதி நேரம்தான். ஆறு மாதத்துக்கு மேல் தெரியாது. மாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அவர்கள் அழுதார்கள், பிறகு ஊருக்கு வந்துவிடேன் என்றார்கள். சில நாட்கள் நன்றாக இருக்கிறார். சில நாட்கள் சோபாவில் உட்கார்ந்து ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எது நல்ல நாள், எது மற்ற நாள் என்று காலையில் அவர் எழுந்து வருவதை வைத்து என்னால் சொல்ல முடிவதில்லை. இருபது வருட நர்ஸ் வேலை இதற்கு உதவவில்லை.

போன வாரம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

“துப்பாக்கியில இனி மாத்தாம இருக்கது குழாய் ஒண்ணுதான்” என்றார். “அது கம்பெனிக் குழாய், சுமாரானது. வேற ஒண்ணு நல்லதாச் செஞ்சு தாரானுவ. ஆர்டர் பண்ணட்டுமா?”

“எப்பம் வரும்?”

“ரெடியா இருக்காது. சொன்ன பொறவுதான் செய்வானுவ. எட்டு வாரம் ஆகுமாம்.”

தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, போனில் காலண்டரைத் திறந்து எட்டு வாரத்தை எண்ணினேன். ஏப்ரல் கடைசியில் வந்து நின்றது. அதுவரை ஒரு பார்சலுக்காக அவர் காத்திருப்பார்.

“பண்ணுங்க” என்றேன்.